ஏழு பேர் பின்னிய போர்வை: பட்டைகள் ஏன் நேராக நிற்கவில்லை?

ஏழு பேர், ஏழு நீளத்துண்டுகள், எல்லாத் துண்டிலும் ஒரே வண்ண அடுக்கு. முடிந்ததும் பக்கம் பக்கமாக வைத்து இணைத்துவிட்டால் பட்டைகள் போர்வையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நேராக ஓடும். எங்கள் பின்னல் குழு போட்ட திட்டம் இதுதான். துண்டுகள் வந்து சேர்ந்தபோது மிகக் குட்டையானது 135 செ.மீ. இருந்தது. மிக நீளமானது 164 செ.மீ. எல்லோரும் எண்ணித்தான் பின்னியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், யாருடைய எண்ணிக்கையும் தப்பவில்லை. இணைக்கும் வேலை என்னுடையது என்பதால், கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதும் என் தலையில் விழுந்தது.

தேடியதில் கிடைத்தது இந்தப் போர்வைக்கு மட்டும் உரிய விஷயமாக இல்லை. அதே குழுவில் அப்புறம் பின்னிய மஃப்ளர், குஷன் உறை, கையுறை எல்லாவற்றிலும் அதே காரணம் ஏதோ ஒரு வேடத்தில் வந்தது. அதனால்தான் முழுதாக எழுதி வைக்கிறேன்.

திட்டம் என்னவாக இருந்தது

குழுவில் பல வருடப் பழக்கம் உள்ளவர்களும் இருந்தார்கள், அண்மையில்தான் ஊசி பிடிக்கக் கற்றவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் கைவரக்கூடியதாக கார்ட்டர் ஸ்டிட்ச் தேர்வானது. இரு பக்கமும் நிட் (நேர்ப் பின்னல்) மட்டும்தான், பர்ல் (மறுபுறப் பின்னல்) கிடையாது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போகும் ஸ்டாக்கினெட் போல ஓரம் சுருண்டுகொள்ளாது, தட்டையாகப் படுக்கும். இரண்டு வரிசை பின்னினால் துணியின் மேல் ஒரு மேடு தெரியும். வரிசைகளை எண்ணுவதைவிட மேடுகளை எண்ணுவது சுலபம். கார்ட்டருக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: பொதுவாக ஒரு மேட்டின் உயரம் ஒரு கண்ணியின் (ஊசியில் விழும் ஒரு நூல் வளையத்தின்) அகலத்துக்குச் சமமாக வரும். 10 செ.மீ. அகலத்தில் 18 கண்ணி என்றால் 10 செ.மீ. உயரத்தில் ஏறக்குறைய 18 மேடு.

நடுத்தரத் தடிமன் நூல், 5 மி.மீ. ஊசி, துண்டுக்கு 30 கண்ணி, 270 மேடு. கணக்குப்படி அகலம் 17 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, நீளம் 150 செ.மீ.

வண்ணம் ஐந்து. எல்லோர் வீட்டிலும் மிஞ்சிக் கிடந்த நூலிலிருந்துதான் எடுத்தோம். பட்டைகளின் அகலம் 1, 2, 3, 5, 8 மேடு என்று வைத்தோம். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசை இது. பட்டைப் பின்னலில் ரொம்ப நாளாகப் புழங்குவது. கண்ணுக்கு ஒழுங்காகவும் படும், சலிப்பும் தட்டாது. நூல்களைக் கூட்டமாக வைத்துக் கருப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் எடுத்துப் பார்த்தபோது சிவப்பும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. நேரில் பார்த்தால் எதிரெதிர் நிறங்கள், ஆனால் வெளிச்சம் குறைந்த அறையில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சோதனையை எந்தப் பட்டை வேலைக்கும் முன்னால் செய்துவிடுங்கள், அரை நிமிட வேலை. கடைசியில் அடுக்கு இப்படி அமைந்தது: நீலம் 1, வெள்ளை 2, சிவப்பு 3, மஞ்சள் 5, பச்சை 8. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் மஞ்சள் நிற்கிறது. ஒரு அடுக்குக்கு 19 மேடு. இப்படி 14 அடுக்கு போட்டால் 266, கடைசியில் நீலத்தில் 4 மேடு போட்டு 270.

வண்ணத்துக்கு எடுத்துக்கொண்ட கவனத்தில் பாதியை மேடுகளின் உயரத்துக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

30 சென்டிமீட்டர் வந்த வழி

ஸ்வாட்ச், அதாவது அளவு பார்க்கும் சின்ன மாதிரித் துண்டு, எல்லோரும் பின்னினார்கள். அதில் ஏமாற்று இல்லை. ஆனால் எல்லோரும் சரிபார்த்தது அகலத்தை மட்டும்: 10 செ.மீ.க்கு 18 கண்ணி வருகிறதா? இறுக்கிப் பின்னும் கைக்காரர் 5.5 மி.மீ. ஊசிக்கு மாறி 18 கொண்டுவந்தார். தளர்வாகப் பின்னுபவர் 4.5க்கு இறங்கி அதே 18ஐப் பிடித்தார். அத்தோடு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

மேடுகளை யாரும் அளக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. பின்னல் குறிப்புகளில் பெரும்பாலும் கண்ணிக் கணக்குக்குத்தான் மரியாதை. நீளம் என்று வந்தால் "இத்தனை சென்டிமீட்டர் ஆகும்வரை பின்னுக" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மஃப்ளருக்கோ ஸ்வெட்டர் உடம்புக்கோ அது போதும். அதையே கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு, வரிசைக் கணக்கு முக்கியமில்லை என்று மனதில் பதிந்துவிடுகிறது. எங்கள் திட்டமோ சென்டிமீட்டரைச் சொல்லவே இல்லை, 270 மேடு என்று மட்டும் சொன்னது.

கண்ணி அகலம் ஒன்றாக இருந்தும் மேட்டின் உயரம் மாறுமா? மாறும். நூலை விரலில் எப்படிச் சுற்றிப் பிடிக்கிறோம், புதிய கண்ணியை எவ்வளவு தூக்கி இழுக்கிறோம், நூல் சொல்லிய தடிமனுக்கு உண்மையாக இருக்கிறதா, எல்லாமே அதில் சேரும். மிஞ்சிய நூல் என்பதால் ஒரே தடிமன் என்று நினைத்த உருண்டைகளுக்குள்ளேயே வித்தியாசம் இருந்தது. துண்டுகளை அளந்தபோது 10 செ.மீ.க்கு ஒருவருக்கு 20 மேடு, இன்னொருவருக்கு 16.5. மற்ற ஐவரும் இந்த இரண்டுக்கும் நடுவே. 270ஐ வகுத்துப் பாருங்கள், 135ம் 164ம் அப்படியே வரும்.

சின்ன ஸ்வாட்சில் இது பிடிபடாது. 5 செ.மீ. உயர ஸ்வாட்சில் ஒருவருக்கு 10 மேடு, இன்னொருவருக்கு 8 மேடும் கொஞ்சமும். அளவுகோலைச் சற்றுச் சாய்த்து வைத்தாலே அவ்வளவு வரும் என்று யாரும் விட்டுவிடுவார்கள். கார்ட்டர் வேறு நீளவாக்கில் அக்கார்டியன் மாதிரி இழுபடும். மேசையில் கிடத்தி அளந்தால் ஒரு கணக்கு, கையில் தொங்கவிட்டு அளந்தால் வேறொரு கணக்கு.

நடுவில் ஒரு முறை எல்லோரும் துண்டுகளோடு கூடினார்கள். அப்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்தது, தப்பாகத் தெரிந்தது. ஒரு அடுக்குக்கு இறுக்கக்காரருக்கு 9.5 செ.மீ., தளர்வுக்காரருக்கு 11.5 செ.மீ. ஒவ்வொரு அடுக்குக்கும் 2 செ.மீ. விலகிக்கொண்டே போகிறது. விலகல் ஐந்து அடுக்கில் 10 செ.மீ. ஆனதும், இறுக்கக்காரரின் 6ஆம் அடுக்கு முடியும் இடமும் தளர்வுக்காரரின் 5ஆம் அடுக்கு முடியும் இடமும் 57 செ.மீ. அருகே மறுபடி சந்தித்துக்கொண்டன. அந்த நேரத்தில்தான் நாங்கள் கூடியிருக்கிறோம். ஊசிக்குப் பக்கத்தில் நீலம் நீலத்தோடும் வெள்ளை வெள்ளையோடும் சேர்ந்து நின்றது. "பாருங்கக்கா, சரியாத்தானே வருது?" என்று இளையவர் கேட்க, "நடுவுல கொஞ்சம் முன்னே பின்னே இருக்கு, தைக்கிறப்ப இழுத்துக்கலாம்" என்று மூத்தவர் சொல்லிவிட்டார். அடுக்குகளை எண்ணியிருந்தால் ஒருவரிடம் ஒரு அடுக்கு கூடுதலாக இருப்பது தெரிந்திருக்கும். திரும்பத் திரும்ப வரும் அடுக்கில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு: ஒரு முழு அடுக்கு தப்பினால் தப்பாத மாதிரியே இருக்கும்.

பரிசீலித்த வழிகள்

முதல் யோசனை, நனைத்து இழுத்துப் படியவைப்பது. கம்பளி நூல் அதற்கு இசையும், ஈரத்தில் எந்த வடிவத்தில் ஊசி குத்தி வைக்கிறோமோ அப்படியே காயும். அக்ரிலிக் தண்ணீருக்கு மசியாது. ஆவி காட்டினால் மசியும், ஆனால் சூடு மிஞ்சினால் இழை தன் உயிர்ப்பை இழந்து தொளதொளவென்று ஆகிவிடும். அதைத் திரும்ப மீட்க முடியாது. எங்கள் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். அதுவுமின்றி 135ஐ 150 ஆக்குவது கம்பளிக்கே கொடுமை.

இரண்டாவது, தைக்கும்போதே சரிக்கட்டுவது. நீளமான பக்கத்தில் பத்து மேட்டுக்கு ஒன்றைக் கூடுதலாக விழுங்கிக்கொண்டு போகலாம். சின்ன வித்தியாசத்துக்கு இது கைகண்ட வைத்தியம். ஆனால் 20க்கும் 16.5க்கும் நடுவே தைத்தால் ஒரு பக்கம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

மூன்றாவது, பிரித்துப் பின்னுவது. இதைச் சொன்னவர் யாரென்று சொல்ல மாட்டேன். அன்று அவருக்குக் கிடைத்த பார்வைகள் போதும்.

நான் முன்வைத்தது வேறு. பட்டைகளை நேராக்க முடியாது. ஆனால் நேராக இல்லை என்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? பக்கத்துப் பட்டையோடு ஒட்டிப் பார்ப்பதால்தான் தெரிகிறது. ஒட்டுதலை எடுத்துவிட்டால் ஒப்பீடும் போய்விடும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே அடர்சாம்பலில் ஒரு நெடுக்குப் பத்தி விடுவோம். கூடவே ஒன்று விட்டு ஒரு துண்டைத் தலைகீழாக வைப்போம். கொஞ்சம் பொருந்தி கொஞ்சம் விலகினால்தான் பிழை மாதிரி தெரியும். எங்குமே பொருந்தாவிட்டால் பார்ப்பவர் அதை வடிவமைப்பு என்று எடுத்துக்கொள்வார்.

சாம்பல் பத்தி போட்ட விதம்

முதலில் ஏழும் ஒரே நீளத்துக்கு வர வேண்டும். குட்டைத் துண்டின் கடைசிக் கண்ணிகளைத் திறந்து மேலும் 30 மேடு பின்னச் சொன்னோம். மொத்தம் 300 ஆனது. நடுவில் சிவப்பு தீர்ந்துபோய், பட்டை ஒன்றை ஆரஞ்சில் போட்டார். தலைகீழ் அமைப்பில் அது எங்கே இருக்கிறதென்று எனக்கே இப்போது தேட வேண்டும். நீளத் துண்டை முடித்த பக்கத்திலிருந்து பிரித்து 247 மேட்டில் நிறுத்தினோம். தொடங்கிய பக்கத்திலிருந்து பிரிக்கக் கூடாது. நூல் அந்தத் திசையில் ஓடி வராது, வரிசைக்கு வரிசை மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, நீள விளிம்பில் சாம்பல் நூலால் கண்ணி எடுப்பது. கார்ட்டரில் மேட்டுக்கு ஒரு கண்ணி எடுப்பது வழக்கம். அப்படி எடுத்தால் ஒரு துண்டில் 300, இன்னொன்றில் 247 வந்து, பழைய சண்டை புதிய இடத்தில் தொடங்கிவிடும். எல்லா விளிம்பிலும் 270 கண்ணி என்று வைத்தோம். 300 மேடு உள்ள துண்டில் பத்து மேட்டுக்கு 9 கண்ணி, ஒன்றைத் தாண்டிப் போனால் சரியாக 270. 247 மேடு உள்ளதில் 11 மேட்டுக்கு 12 கண்ணி. கடைசியில் ஒன்றிரண்டு கூடக்குறைய வருவதை அடுத்த வரிசையில் சரிசெய்துகொண்டோம். நடுநடுவே நூல் அடையாளம் கட்டி விளிம்பைச் சம பாகங்களாகப் பிரித்துக்கொண்டால் 270ஐயும் ஒரே மூச்சில் எண்ண வேண்டியதில்லை.

நீண்ட கம்பியுள்ள வட்ட ஊசி இல்லாமல் இது நடக்காது. இரு பக்கமும் இரண்டிரண்டு மேடு சாம்பல் போட்டு, இரு துண்டின் நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, மூன்றாவது ஊசியால் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கண்ணியாகச் சேர்த்துப் பின்னி முடித்தோம். ஊசி நூல் கொண்டு தைப்பதைவிட இது வேகம், அதோடு 270க்கு 270 என்பதால் வழியில் நழுவ இடமே இல்லை. பத்தி ஒவ்வொன்றும் 2 செ.மீ.க்குச் சற்று மேல். ஆறு பத்தி சேர்ந்து போர்வையின் அகலம் ஏறக்குறைய 130 செ.மீ. ஆனது. சாம்பல் நூலை மட்டும் ஒரே சாயத் தொகுதியில் புதிதாக வாங்கினோம். வண்ணங்கள் முன்னே பின்னே இருக்கலாம், எல்லாவற்றையும் கட்டிப்பிடிக்கும் நிறம் பிசகக் கூடாது.

ஒரு துண்டில் பட்டைகளின் எல்லை கோடாக இல்லாமல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கார்ட்டரில் வண்ணம் மாற்றினால் ஒரு பக்கம் சுத்தமான கோடும் பின்பக்கம் இரு நிறமும் கலந்த புள்ளிகளும் வரும். அவர் ஒவ்வொரு முறையும் பின்பக்க வரிசையில் மாற்றியிருக்கிறார். விடாமல் ஒரே மாதிரி செய்திருந்ததால் துண்டைத் திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது. பாதியில் திருத்திக்கொண்டிருந்தால்தான் வம்பு.

ஆயிரம் நுனிகள்

குழுவில் உண்மையான மனக்கசப்பு வந்தது நீளத்தால் இல்லை, நூல் நுனியால். ஒரு துண்டில் 71 பட்டை. பட்டைக்குத் தொடக்கத்தில் ஒரு நுனி, முடிவில் ஒரு நுனி. 142. ஏழு துண்டுக்கு 994. இவை எல்லாவற்றையும் துணிக்குள் செருகி மறைக்க வேண்டும். சிலர் பின்னும்போதே நுனியை அடுத்த சில கண்ணிகளோடு சேர்த்து மடக்கிவிட்டிருந்தார்கள். சிலர் தோரணம் மாதிரி தொங்கவிட்டே கொடுத்துவிட்டார்கள். இரண்டொருவர் விரலளவுகூட மீதி விடாமல் நறுக்கியிருந்தார்கள். அதை ஊசியில் கோக்கவே முடியாது, 15 செ.மீ.யாவது வேண்டும்.

சேர்ந்து பின்னும் வேலைகளில் இது எப்போதும் நடக்கிறது. பின்னுவதைப் பங்கு போடுகிறோம், முடிப்பதைப் பங்கு போட மறந்துவிடுகிறோம். அது கடைசியில் ஒரே மடியில் வந்து விழுகிறது. பொறுமைசாலிகளின் மடியாகப் பார்த்து விழும். எங்கள் குழுவில் அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது: நுனி மறைக்காத துண்டு, முடிந்த துண்டு இல்லை. விளிம்பிலிருந்த நுனிகளில் கொஞ்சத்தைச் சாம்பல் பத்திக்குள்ளேயே விட்டுப் பின்னினேன். இல்லையென்றால் இன்னும் செருகிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு தலைவலி, நூல் எதனால் ஆனது என்பது. மிஞ்சிய உருண்டைகளில் லேபிள் இருக்காது. ஒருவர் கொடுத்த சிவப்பு கையில் சற்று வேறு மாதிரி இருந்தது. சின்னத் துணுக்கை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினோம். முடி பொசுங்கும் வாடை வந்தது, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்தது, சாம்பல் விரலில் பொடியானது. கம்பளிதான். அக்ரிலிக்காக இருந்தால் உருகிக் கெட்டியான மணியாக நின்றிருக்கும். கம்பளி சூடான இயந்திரச் சலவையில் சுருங்கித் திரண்டுவிடும், பக்கத்திலிருக்கும் அக்ரிலிக் அப்படியே இருக்கும். பட்டை பட்டையாகத் துணி நெளிந்துபோகும். அதனால் போர்வையோடு ஒரு சீட்டும் தைத்தோம்: குளிர்ந்த நீர், கையால் மட்டும். சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் மெத்தைகளுக்கு அக்ரிலிக்கைத் தொடவே கூடாது என்ற முடிவும் அன்றே எடுத்ததுதான். உருகும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு யாரும் வாதாடவில்லை. அவற்றைப் பருத்தியில் பின்னினோம். சிவப்பும் கருநீலமும் வெள்ளைக்குப் பக்கத்தில் போகும் முன் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துச் சாயம் விடுகிறதா என்று சோதித்துக்கொண்டோம்.

அதே காரணம், வேறு பொருட்களில்

போர்வை முடிந்ததும் ஒரு மஃப்ளரைக் கைமாற்றிப் பின்னிப் பார்த்தோம். ஒருவர் ஒரு பட்டை, அப்புறம் அடுத்தவர். நூலின் வண்ணம் மாறும் இடத்தில்தான் கையும் மாற வேண்டும். கண்ணிகள் முன்னவரின் ஊசியிலிருந்து அடுத்தவரின் சொந்த ஊசிக்கு முதல் வரிசையிலேயே இறங்கிவிடும். அவரவர் 18 கண்ணி பிடித்த ஊசி எதுவோ அதுவேதான், 4.5 என்றால் 4.5. போர்வையில் படாத பாடு படுத்திய அதே ஏழு கைகள், இதில் யார் எங்கே என்று சொல்லவே முடியவில்லை.

காரணம் நேரானது. மஃப்ளரில் கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அகலம் ஒத்துப்போனால் போதும், மேட்டின் உயரம் யாருக்கு எப்படி இருந்தாலும் மொத்த நீளத்தில் கரைந்துவிடும். போர்வையில் கைகள் பக்கம் பக்கமாக நின்றன. அங்கே உயரம்தான் எல்லாம். பட்டை இல்லாத ஒற்றை நிறத் துணியாக இருந்தால் பக்கத்தில் வைத்தாலும் ஓரளவு ஏமாற்றிவிடலாம். பட்டையோ துணியின் மேலேயே வரைந்த அளவுகோல்.

அகலம் மாறி மாறி வரும் பட்டை இதற்கு உதவி செய்கிறது. 8 மேட்டுப் பச்சை ஒருவர் கையில் 4 செ.மீ., இன்னொருவர் கையில் 4.8 செ.மீ. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வருபவை 5ம் 1ம். ஒப்பிட எதுவும் அருகில் இல்லை. சம இடைவெளிப் பட்டையில் இந்தச் சலுகை கிடையாது. பிரெஞ்சுக் கடற்படை 1858இல் மாலுமிகளின் பின்னல் சட்டைக்கு வகுத்த விதி நினைவுக்கு வருகிறது: வெள்ளைப் பட்டை 20 மி.மீ., நீலப் பட்டை 10 மி.மீ., உடம்பில் வெள்ளை 21. அப்படிப்பட்ட சீரான தாளத்தில் ஒரு பட்டை 2 மி.மீ. தடித்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். அழகான வடிவம்தான், ஆனால் ஒரே கை முழுதும் பின்ன வேண்டிய வடிவம். குழுவாகப் பின்னும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மஃப்ளரில் ஒரு குறை மிஞ்சியது. இரு ஓரமும் திறந்தே கிடப்பதால், முதல் கண்ணியைச் சிலர் பின்னாமல் நகர்த்துவதும் சிலர் பின்னுவதுமாக ஓரம் ஆளுக்கு ஆள் மாறியது. குஷன் உறையில் அந்தப் பிரச்சினையே இல்லை, ஓரங்கள் தையலுக்குள் போய்விடுகின்றன. புதிதாகச் சேர்பவர்களோடு கைமாற்றிப் பின்ன ஏதாவது தேடினால் குஷன் உறையைத்தான் சொல்வேன்.

விரலில்லாத கையுறை ஜோடியை ஆளுக்கொன்றாகப் பின்னிய இருவர் கதை உங்களுக்கே ஊகிக்க முடியும். ஒரே எண்ணிக்கை, ஒன்று மணிக்கட்டோடு நின்றது, மற்றது முழங்கையை எட்டிப் பார்த்தது. ஜோடி என்பதும் பக்கம் பக்கம்தான். ஜோடிப் பொருளை ஒரே ஆள் பின்ன வேண்டும். நிறம் மாறி மாறி வந்து தானே பட்டை விழும் நூலாக இருந்தால் இரண்டையும் ஒரே நிறத்தில் தொடங்க வேண்டும். அந்த நூலில் இன்னொன்றும் உண்டு, சுற்றளவு இரட்டித்தால் பட்டையின் உயரம் பாதியாகும். கையுறையில் அழகாக விழுந்த பட்டை, தொப்பியில் கீற்றாகத் தெரிவது அதனால்தான்.

தொப்பியைத் தனியாகப் பின்னுவதே நல்லது. வட்டமாகப் பின்னுவது உண்மையில் சுருள்தான், ஒரு சுற்று முடியும் இடம் தொடங்கிய இடத்தைவிட ஒரு படி மேலே இருக்கும். அதனால் வண்ணம் மாறும் இடத்தில் படிக்கட்டு விழும். அமெரிக்கப் பின்னல் ஆசிரியை மெக் ஸ்வான்சன் பரப்பிய திருத்தம் எளிது: புதிய நிறத்தின் முதல் சுற்றைச் சாதாரணமாகப் பின்னி, இரண்டாம் சுற்றின் முதல் கண்ணியில் மட்டும், அதற்கு நேர் கீழே உள்ள பழைய நிறக் கண்ணியின் வலக்காலை இட ஊசிக்குத் தூக்கி இரண்டையும் சேர்த்துப் பின்னுவது. ஒரே ஒரு சுற்றுப் பட்டைக்கு இது உதவாது, இரண்டாம் சுற்றே இல்லையே. நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் பகுதியில் வண்ணம் மாற்றுவதென்றால் புதிய நிறத்தின் முதல் சுற்றை முழுக்க நிட்டாகப் பின்னிவிடுங்கள். பர்ல் போட்டால் பழைய நிறம் மேலே எட்டிப் பார்க்கும்.

அடுத்த போர்வை

மஃப்ளர் சரியாக வந்ததால், அடுத்த போர்வையையும் கைமாற்றியே பின்னலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒருவர் பின்னும்போது ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பாதி வளர்ந்த போர்வையைத் தூக்கிக்கொண்டு அலைவதும் லேசில்லை. நீளத்துண்டு முறையின் பெரிய பலமே ஏழு பேரும் ஒரே நேரத்தில் பின்னலாம் என்பது. அதை விட்டுவிடாமல், இணைப்பின் திசையை மட்டும் திருப்பினால் என்ன?

போர்வையின் முழு அகலத்துக்கும் ஒரு ஆளுக்கு ஒரு குறுக்குப் பாகம். 130 செ.மீ.க்கு 234 கண்ணி. உயரம் 38 மேடு, அதாவது சரியாக இரண்டு அடுக்கு. ஏழு பாகத்தை மேலும் கீழுமாக அடுக்கினால் 14 அடுக்கு, 266 மேடு, பழைய போர்வையின் அதே கணக்கு. பாகத்துக்குப் பாகம் உயரம் மாறட்டும், ஒன்றை 19 செ.மீ.யிலும் இன்னொன்றை 23 செ.மீ.யிலும் முடிக்கட்டும். பக்கத்தில் வைத்துப் பார்க்க எதுவுமில்லை. இணைப்பு பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில், வண்ணம் எப்படியும் மாறும் இடத்தில் விழுகிறது. சாம்பல் பத்தியும் வேண்டாம். நுனிகளை எண்ணிப் பாருங்கள்: பாகத்துக்கு 10 பட்டை, 20 நுனி, ஏழுக்கும் சேர்த்து 140. முன்பு 994.

எதிர்ப்பு புதியவர்களிடமிருந்துதான் வந்தது, அதில் நியாயமும் இருந்தது. 30 கண்ணி வரிசை கண்மூடித் திறப்பதற்குள் முடியும், துண்டு வளர்வது தெரியும். 234 கண்ணி வரிசையில் அரை மணி உட்கார்ந்தாலும் ஒன்றும் நகராத மாதிரி இருக்கும். நடுவில் ஒரு கண்ணி நழுவினால் தேடுவதும் பாடு. 30 கண்ணிக்கு ஒரு வளையம் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிசை முடிவிலும் எட்டுப் பகுதியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவது என்று பேசி வைத்திருக்கிறோம். கடைசிப் பகுதியில் மட்டும் 24 கண்ணி. ஸ்வாட்ச் அகலத்துக்கு மட்டும், ஆனால் 20 செ.மீ.க்குக் குறையாமல். 234 கண்ணியில் 10 செ.மீ.க்கு அரைக் கண்ணி பிசகினாலும் ஒரு பாகம் 3 செ.மீ.க்கு மேல் அகலமாகி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

தொடக்க வரிசையை வேறு நூலில் குரோஷே சங்கிலி போட்டு அதன் மேல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பாகங்கள் வந்ததும் சங்கிலியை உருவிவிட்டால் இரு பக்கமும் உயிருள்ள, அதாவது முடித்துக் கட்டாத, கண்ணிகள் இருக்கும், மூன்று ஊசி முறையில் 234க்கு 234 சேர்த்துவிடலாம். வண்ணம் இம்முறை ஆறு வேண்டும் என்று இளையவர் பிடிவாதமாக இருக்கிறார், ஊதா அவரிடம் நிறைய மிஞ்சியிருக்கிறதாம். ஆறு என்றால் அடுத்த எண் 13, அடுக்கு 32 மேடு ஆகிவிடும். 38 மேட்டில் அப்படி இரண்டு அடுக்கு அடங்காது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் நீலத்துக்குப் பதில் ஊதா போடலாம் என்கிறார். கருப்பு வெள்ளைப் படத்தில் அந்த ஊதா பச்சையோடு ஒட்டாமல் இருந்தால் எனக்குச் சம்மதம்தான்.